நான்கரை அங்குலத்திலிருந்து ஏழு அங்குலம் வரை: ஒரு காரின் சக்கரக் கணக்கு



நம் பழைய மாணவர் குழுவில் ஒரு கேள்வி வந்தது. ஜெர்மனியில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பல வருடம் பணம் சேர்த்து, 1970களில் வந்த போர்ஷே 911 கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். "சார், அகலமான டயரும் வீலும் போட்டா ரோட்டுல ஒட்டிக்கிட்டு ஓடும்னு சொல்றாங்க. போடலாமா?" என்று கேட்டிருந்தார். பாதிப் பேர் போடு என்றார்கள், மீதிப் பேர் வேண்டாம் என்றார்கள். நான் மெக்கானிக் இல்லை, சின்ன வகுப்புகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன். ஆனால் அந்தக் காரைச் செய்தவர்களே பத்து வருடம் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அவர்கள் செய்ததைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும்.

இந்தக் கார் 1963 செப்டம்பரில் பிராங்க்பர்ட் கண்காட்சியில் 901 என்ற பெயரில் வந்தது. நடுவில் சைபர் வைத்த மூன்று இலக்க எண் எங்களுக்கு உரியது என்று பிரான்சின் பியூஜோ நிறுவனம் சொன்னதால், 1964இல் 911 ஆயிற்று. அன்றைக்கு அதன் டயர் அகலம் 165 மி.மீ., ரிம்மின் அகலம் வெறும் 4.5 அங்குலம்.

இதன் எஞ்சின் பின் சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. கயிற்றின் நுனியில் கல்லைக் கட்டிச் சுழற்றினால் கல் வெளியே இழுக்கும் அல்லவா? வளைவில் வேகமாகப் போகும்போது காரின் பின்பக்கமும் அப்படித்தான் இழுக்கும். பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் எடை முன்பக்கம் சாய்ந்து, பின்பக்கம் இன்னும் வேகமாக வழுக்கிக்கொண்டு வரும்.

இதைச் சரிசெய்ய அகல டயர் மட்டும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. 1969ஆம் ஆண்டு மாடலில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை 2,211 மி.மீ.யிலிருந்து 2,268 மி.மீ. ஆக்கினார்கள். எஞ்சின் இருந்த இடத்திலேயே இருக்க, பின் சக்கரம் 57 மி.மீ. பின்னுக்குப் போனது. வேகம் கூடிய 'எஸ்' வகைக்கு அதே மாடலில் 6 அங்குல ரிம்மும் 185 மி.மீ. டயரும் வந்தன.

அடுத்தது 1972 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் காட்டிய கரேரா ஆர்எஸ் 2.7. பந்தய விதிப்படி 500 கார்கள் செய்தாக வேண்டும். கடைசியில் 1,580 செய்தார்கள். போர்ஷே விற்பனைக்கு விட்ட கார்களில் முன்னுக்கு ஓர் அளவு, பின்னுக்கு ஓர் அளவு டயர் போட்டது இதில்தான் முதல்முறை. முன்னால் 6 அங்குல ரிம்மில் 185/70 ஆர் 15. பின்னால் 7 அங்குல ரிம்மில் 215/60 ஆர் 15.

நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 185 என்பது அகலம். 70 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச் சுவர் என்பது. 185இல் 70 சதவீதம் 129.5 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டு சுவர், 259. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மொத்த உயரம் 640 மி.மீ.

பின் டயர்: 215இல் 60 சதவீதம் 129. இரண்டு சுவர் 258. அதோடு 381 கூட்டினால் 639 மி.மீ.

அகலம் 30 மி.மீ. கூடியும் உயரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம்! சதவீதத்தைக் கவனிக்காமல் 215/70 வாங்கிப் போட்டால் உயரம் 682 ஆகிவிடும். மீட்டர் 100 காட்டும்போது வண்டி கிட்டத்தட்ட 107 கி.மீ. வேகத்தில் போகும். மட்கார்டிலும் உரசும்.

ரிம் ஓர் அங்குலம் அகலமானால் அந்த 25.4 மி.மீ. எங்காவது போயாக வேண்டும். உள்ளே போனால் ஷாக் அப்சார்பரில் இடிக்கும். ஆர்எஸ் காரில் அதை வெளிப்பக்கம் தள்ளினார்கள். அதனால் பின்பக்க உடலையே மொத்தம் 42 மி.மீ. அகலமாக்கினார்கள். ஷாக் அப்சார்பரையும் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியையும் கெட்டியாக்கினார்கள். காற்று பின்பக்கத்தைத் தூக்காமல் இருக்க வாத்து வால் போல ஒரு தகடும் வைத்தார்கள்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ எடை, சதுர செ.மீ.க்கு 2 கிலோ காற்றழுத்தம் என்றால், தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 150 சதுர செ.மீ. அகல டயர் போட்டாலும் பரப்பு பெரிதாகக் கூடாது. நீளம் குறைந்து அகலம் கூடும். வளைவில் அது உதவும். மழையிலோ அகல டயர் அதிகத் தண்ணீரை ஒதுக்க வேண்டும், அதனால் சீக்கிரம் தண்ணீர் மேல் மிதக்கும்.

ஆகவே தம்பி, போடலாம். ஆனால் இவற்றையும் செய்ய வேண்டும்.

முதலில், உன் காரின் வருடத்துக்கும் உடல் அளவுக்கும் கம்பெனி எந்த அளவுவரை அனுமதித்தது என்று பார். பின்னால் அகலமாகவும் முன்னால் குறைவாகவும் இருப்பதை மாற்றாதே. முன்னால் மட்டும் அகலம் கூட்டினால் பின்பக்கம்தான் முதலில் வழுக்கும்.

பொருத்திய பிறகு ஆட்களை ஏற்றி, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, எங்கேயாவது உரசுகிறதா பார். சக்கரத்தை வெளியே தள்ள இடையில் ஸ்பேசர் தகடு போட்டால் நட்டு பிடிக்கும் மரை குறையும், பேரிங்கில் சுமை கூடும். நட்டை அளவுகாட்டும் ஸ்பேனரால்தான் இறுக்க வேண்டும். ஐம்பது, நூறு கி.மீ. ஓட்டிய பின் மறுபடியும் சரிபார்.

டயரின் வயதைப் பார். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பழைய கார்கள் அதிகம் ஓடுவதில்லை. டயர் தேயாமலே ரப்பர் கெட்டியாகிவிடும். பூ தேயாமல் இருப்பதைப் பார்த்து ஏமாறாதே.

கடைசியாக, அங்கே வாகனச் சோதனை அலுவலகத்தில் காட்டி, மாற்றத்தை வண்டியின் ஆவணத்தில் பதிவு செய்துகொள். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் காப்பீட்டுக்காரர் அதைத்தான் முதலில் கேட்பார். பக்கத்து சீட்டில் உட்காரப்போவது உன் மனைவியும் குழந்தையும். இரண்டு நாள் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை.

மற்ற பிள்ளைகளே, உங்கள் வண்டி மாருதியோ பைக்கோ எதுவானாலும் டயரில் உள்ள எண்களைக் குறித்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டுக் கீழே எழுதுங்கள். வழக்கம்போல் திருத்தித் தருகிறேன்.