மக்கள் கேட்ட பல்கலைக்கழகம்

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பெற்றது. எனினும், அதன் வரலாற்றை 1839-இலிருந்தே தொடங்க விரும்புகிறேன். அவ்வாண்டு நவம்பரில், ஏறத்தாழ 70,000 பேர் ஒப்பமிட்ட விண்ணப்பமொன்று கவர்னர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பெற்றது. பல்கலைக்கழகம் வேண்டுமென்று மக்களே கேட்டனர். கிடைக்கப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

கிடைத்ததும், லண்டன் பல்கலைக்கழகத்தை ஒட்டித் தேர்வு நடத்திப் பட்டமளிக்கும் மன்றமே. கற்பிக்கும் உரிமையை 1904-ஆம் ஆண்டுச் சட்டம் அளித்தது. அதுவரை மாணவர் பயின்றது கல்லூரிகளில். பல்கலைக்கழகத்தை அவர்கள் அறிந்தது தேர்விலும் பட்டமளிப்பு விழாவிலுமே. கடற்கரையில் சிஷோம் எழுப்பிய செனெட் மண்டபமும் 1879-இல்தான் நிறைவுற்றது.

ஒப்பமிட்டோர் தமக்கெனக் கேட்டிலர், வருந்தலைமுறைக்கெனக் கேட்டனர். பட்டம் பெறுவோர் ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும் மட்டுமல்லாமல், பெயரறியா அப்பெருமக்களுக்கும் கடன்பட்டவர் என்பேன்.