ஐஜெஸ்ஸா, ஸ்டெப்பா?

மும்பையில் செம்பூரை ஒட்டிய மாகுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நெருக்கியடித்து நிற்கின்றன. அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் ஓர் அழுத்தக்கலன் கண்ணில் படும். உருளை உடல், அதன் பக்கவாட்டில் குழாய் மாட்ட ஒரு நாசில். நாசில் உடலோடு சேரும் இடத்தில் எவ்வளவு ஸ்ட்ரெஸ் வரும் என்பதைக் கம்ப்யூட்டரில் சோதித்துப் பார்ப்பதுண்டு. வரைந்தவரிடம் ஒரு மென்பொருள், சோதிப்பவரிடம் வேறொன்று என்றால் கோப்பை மாற்றித்தான் கொடுக்க வேண்டும். 'சேவ் ஆஸ்' அழுத்தினால் நீளமாகப் பட்டியல் விரியும். பலரும் தேர்ந்தெடுப்பது ஐஜெஸ் அல்லது ஸ்டெப். திரையில் இரண்டும் ஒரே படத்தைத்தான் காட்டும். மெஷ் போடும்போதுதான், அதாவது சோதிப்பதற்காக உருவத்தைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கும்போதுதான், சாயம் வெளுக்கும்.

ஐஜெஸ் மூத்தது. அமெரிக்காவில் 1979-இல் விமானப்படையின் ஆதரவோடு போயிங், ஜெனரல் எலெக்ட்ரிக் போன்ற நிறுவனங்கள் கூடிப் பேசியதில் பிறந்தது. முதல் பதிப்பு 1980-இல் வந்தது. ஓர் ஐஜெஸ் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரியும் 80 இடங்கள் கொண்டது. 73-ஆவது இடத்தில், அந்த வரி எந்தப் பகுதியைச் சேர்ந்தது என்பதற்கு ஒற்றை எழுத்து. இந்த 80 என்பது பழைய துளை அட்டையின் அகலம். கொலாபாவின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1964-இல் சிடிசி 3600 கணினி வந்த காலத்தில், கணக்குப் போடக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோனது இத்தகைய அட்டைகளைத்தான்.

நம் கலனை ஐஜெஸ் எப்படிச் சொல்கிறது? உடலின் வளைபரப்பு ஒன்று, அதில் வெட்டிய ஓட்டையின் ஓரம். நாசிலின் வளைபரப்பு ஒன்று, அதன் ஓரம். 144 என்ற எண் கொண்ட வகை இது. ஒவ்வொரு பரப்பும் தன் ஓரத்தைத் தானே சுமக்கிறது. பக்கத்துப் பரப்பு எது, யாரோடு ஒட்ட வேண்டும் என்ற செய்தி அதில் இல்லை. 186 என்ற எண்ணில் முழுத் திண்மத்தையும் எழுதப் பிற்காலப் பதிப்புகள் வழி செய்தன. ஆனால் பல மென்பொருள்கள் இன்றும் பழக்கதோஷத்தில் பரப்புகளாகவே எழுதித் தள்ளுகின்றன.

ஸ்டெப்புக்கான வேலை 1984-இல் தொடங்கி, 1994-இல் ஐஎஸ்ஓ 10303 என்ற தரமாக வெளிவந்தது. இதையும் நோட்பேடில் படிக்கலாம். புள்ளிகள், விளிம்புகள், முகங்கள் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. நாசில் சேரும் வளைகோட்டுக்கு ஒரே எண்தான். உடலின் முகமும் நாசிலின் முகமும் அதே எண்ணைச் சுட்டும். கடைசியில் எல்லா முகங்களும் சேர்ந்து 'மூடிய ஓடு' என்ற ஒரு வரிக்குள் அடங்கும். உள்ளே எது, வெளியே எது என்பது கோப்புக்கே தெரியும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? இரண்டு உருளைகள் வெட்டிக்கொள்ளும் கோட்டைப் பொதுவாக மென்பொருள்கள் துல்லியமாக எழுதுவதில்லை, கிட்டத்தட்ட வரைகின்றன. அந்தக் 'கிட்டத்தட்ட' ஊருக்கு ஊர் மாறும். கேட்டியா வி5 இயல்பாக 0.001 மி.மீ.க்குள் வந்தால் ஒட்டிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். சாலிட்வொர்க்ஸ், என்எக்ஸ் இரண்டுக்கும் அடியில் இருக்கும் பாராசாலிடுக்கு 0.00001 மி.மீ. வேண்டும். முன்னதில் மூடியிருந்த கலன் பின்னதில் வாய் பிளந்து நிற்கும். ஸ்டெப்பில் அந்த விளிம்பு பொதுவானது என்று எழுதியிருப்பதால், வாங்கும் மென்பொருள் அந்த ஒரு விளிம்புக்கு மட்டும் தாராளம் காட்டி மூடிக்கொள்ளும். ஐஜெஸ்ஸில் ஊகித்து ஊகித்துத் தைக்க வேண்டும். தையல் அளவைக் கூட்டினால் ஃபில்லெட்டுகள் எனும் சின்ன மூலை வளைவுகள் கசங்கிப்போகும். குறைத்தால் ஓட்டை அப்படியே இருக்கும். ஸ்ட்ரெஸ் எங்கே அதிகமோ, சரியாக அந்த மூலையில்தான் கோப்பும் கிழிகிறது. அதுதான் வயிற்றெரிச்சல்.

கிழிந்தால்கூடப் பரவாயில்லை, தெரிந்துவிடும். திண்மம் கிடைக்காதபோது பரப்பையே மெல்லிய தகடாக வைத்து, ஏதோ ஒரு தடிமனைத் தட்டி, 'சால்வ்' அழுத்துவோர் உண்டு. சிவப்பும் நீலமுமாக அழகான படம் வந்துவிடும். 12 மி.மீ. சுவரின் உள்பரப்பும் வெளிப்பரப்பும் ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு தகடுகளாகிவிட்டதை அந்தப் படம் சொல்லாது.

ஐஜெஸ்ஸைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. மோல்டு வெட்டும் சிஎன்சி வேலையில் கருவி பரப்பின் மேல் ஓடினால் போதும். மயிரிழை இடைவெளி அங்கே பொருட்டில்லை. ஆனால் அதன் 5.3 பதிப்பு வந்தது 1996-இல். அதற்குப் பிறகு புதுப் பதிப்பு இல்லை. ஸ்டெப்பிலோ 2014-இல் ஏபி 242 என்ற புதுப் பகுதி வந்தது. ஸ்டெப்புக்கும் குறை உண்டு. வரைந்த வரிசை, மாற்றத்தக்க அளவுகள் எல்லாம் வழக்கமான ஏற்றுமதியில் போய்விடும். தடிமனை 12-லிருந்து 14 ஆக்க வேண்டுமென்றால் வரைந்தவரிடமே திரும்ப வேண்டும். இரண்டு மென்பொருளும் பாராசாலிடிலேயே ஓடுகின்றன என்றால், நேரடியாகப் பாராசாலிடு கோப்பை வாங்குவது இன்னும் நல்லது.

சிமுலேஷனுக்கு என் தீர்ப்பு ஸ்டெப்தான். கோப்பு அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூல மென்பொருள் காட்டும் கன அளவையும், அலகு மில்லிமீட்டரா அங்குலமா என்பதையும் மின்னஞ்சலில் ஒரு வரி எழுதிவிடுங்கள். வாங்குகிறவர் கோப்பைத் திறந்ததும், இலவச ஃப்ரீகேட் ஆனாலும் சரி, கன அளவைப் பார்க்கட்டும். எண் பொருந்தாவிட்டால் மெஷ் போடாமல் உடனே போன் செய்யுங்கள்.