துயரும் பொதுப்பார்வையும்: பிரித்தானிய அரச குடும்பத்தின் இரு இழப்புகள் (1861, 1997)

முன்னுரை

பொதுவாழ்வில் நன்கறியப்பட்ட ஒருவர் மறையும்போது அவருடைய உறவினரும், அவரை நேரில் அறியாத மக்களும் ஒருங்கே துயருறுகின்றனர். அந்நிலையில் உறவினரின் துயர் மக்களின் மதிப்பீட்டுக்கு உள்ளாகிறது. பிரித்தானியாவில் 1861இல் இளவரசர் ஆல்பர்ட் மறைந்தபின் அரசி விக்டோரியா அளவுகடந்து துயருறுவதாகக் குறைகூறப்பட்டார். 1997இல் டயானா மறைந்தபோது அரசி இரண்டாம் எலிசபெத் துயருறவில்லை எனக் குறைகூறப்பட்டார். நேரெதிராகத் தோன்றும் இவ்விரு குற்றச்சாட்டுகளின் அடிப்படை ஒன்றே என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

விக்டோரியாவின் நீண்ட துக்கம்

ஆல்பர்ட் 1861 டிசம்பர் 14 அன்று விண்ட்சர் கோட்டையில் காலமானார். அப்போது கணவர், மனைவி இருவருக்கும் வயது 42. அக்கால ஆங்கில உயர்குடி வழக்கில் கைம்பெண்ணின் துக்க உடைக்குரிய காலம் ஏறத்தாழ இரண்டாண்டுகள். விக்டோரியாவோ 1901இல் தாம் இறக்கும்வரை கறுப்புடையைக் கைவிடவில்லை.

தொடக்கத்தில் மக்கள் அவர்மீது பரிவு கொண்டனர். வழக்கமான காலவரை கடந்ததும் அப்பரிவு குறைகூறலாக மாறியது. 1864இல் பக்கிங்ஹாம் அரண்மனையின் வெளிப்புறத்தில், இக்கட்டடம் வாடகைக்கோ விற்பனைக்கோ உண்டு என்னும் பொருள்பட ஒரு கேலி அறிவிப்பு வைக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரலில் டைம்ஸ் நாளிதழில் பெயரின்றி வெளியான விளக்கத்தை அரசியே எழுதினார். அரசுக் கடமைகளைத் தாம் ஆற்றிவருவதையும் சடங்கு நிகழ்ச்சிகளுக்குத் தம் நிலை இடந்தராமையையும் அதில் உணர்த்தினார்.

இவ்விளக்கம் உண்மையானதே. அமைச்சர்களுடனான கடிதத் தொடர்பு நிற்கவில்லை. நின்றது மக்கள் கண்ணுக்குப் புலப்படும் பணி. 1866இல் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைக்க அவர் இசைந்தார். ஆயினும், துயருற்ற கைம்பெண்ணைக் காட்சிப்பொருளாக்குவதைப் பிரதமர் ரஸ்ஸலுக்கு எழுதிய மடலில் கடிந்துகொண்டார். அவ்விழாவில் அவர் அரச உடையை அணியவில்லை. அது அரியணைமீது விரிக்கப்பட்டிருந்தது. உரையையும் அவருக்காகப் பிறர் படித்தனர்.

1871 நவம்பரில் சார்லஸ் டில்க் நியூகாசிலில் முடியாட்சியின் செலவைக் கண்டித்துப் பேசினார். அடுத்த மாதம் பட்டத்து இளவரசர் குடற்காய்ச்சலால் உயிருக்குப் போராடி மீண்டார். 1872 பிப்ரவரி 27 அன்று செயின்ட் பால் பேராலயத்தில் நடந்த நன்றி வழிபாட்டுக்கு அரசி ஊர்வலமாகச் சென்றார். மக்கள் திரண்டு வரவேற்றனர். அதன்பின் குடியரசுக் கிளர்ச்சி தளர்ந்தது. அரசியின் துயர் அப்போதும் தீர்ந்திருக்கவில்லை. அவர் மக்கள்முன் தோன்றியதே மாற்றத்திற்குத் துணைநின்றது.

1997: வெறுமையான கொடிக்கம்பம்

டயானா 1997 ஆகஸ்ட் 31 அன்று பாரிசில் நேர்ந்த கார் விபத்தால் உயிரிழந்தார். அவருடைய மைந்தர்கள் வில்லியம் (15), ஹாரி (12) இருவரும் ஸ்காட்லாந்தின் பால்மோரலில் பாட்டியாகிய அரசியுடன் இருந்தனர். பேரர்களுக்குத் துணையாக அரசி அங்கேயே தங்கினார். லண்டனிலோ அரண்மனை வாயில்களில் மலர்கள் குவிந்தன.

ஆட்சியிலுள்ள அரசரோ அரசியோ அரண்மனையில் இருக்கும்போது மட்டுமே அரச கொடி பறக்கும். முடியாட்சிக்கு இடையறவு இல்லை என்பதால் அது அரைக்கம்பத்தில் தாழ்த்தப்படுவதும் இல்லை. இம்மரபின்படி வெறுமையாக நின்ற கம்பத்தை நாளிதழ்கள் இரக்கமின்மையின் சான்றாகக் காட்டின. செப்டம்பர் 5 அன்று அரசி லண்டன் திரும்பித் தொலைக்காட்சியில் நேரலையாக உரையாற்றினார். மறுநாள் இறுதிச் சடங்கின்போது ஒன்றிய அரசின் தேசியக் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது.

அன்று சிறுவர் இருவரும் உலகமே காணத் தாயின் பேழைக்குப் பின் நடந்தனர். எந்தக் குழந்தையையும் அவ்வாறு செய்யுமாறு கேட்கலாகாது என 2017இல் ஹாரி கூறினார்.

முடிவுரை

விக்டோரியா துயரைக் காரணங்காட்டி மறைந்திருந்தார். எலிசபெத் துயரை மறைத்துக் குடும்பத்துடன் இருந்தார். இருவர்மீதும் சுமத்தப்பட்ட குற்றம் மக்கள் கண்ணுக்குப் புலப்படாமையே. துயரின் ஆழத்தை அளக்கவியலாத பொதுமக்கள் உடை, கொடி, ஊர்வலம் ஆகிய புறக்குறிகளைக் கொண்டே அதனை மதிப்பிட்டனர். விக்டோரியாவுக்குப் பத்தாண்டுகள் கிடைத்தன. எலிசபெத்துக்கு ஐந்து நாள்களே கிடைத்தன. மறுமொழிக்கான கால அளவு இவ்வாறு குறுகியதில் தொலைக்காட்சியின் பங்கு பெரிது. பொதுத்துயர் பெருகும்போது உறவினர் தமக்கேற்ற வகையில் துயருறும் உரிமை சுருங்குகிறது. அச்சுருக்கத்தின் விலையைச் சிறுவரும் கொடுக்க நேர்ந்ததை 1997 காட்டுகிறது.