ரொட்டி குற்றவாளியா?

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஒரு ரொட்டி செய்து பாருங்களேன். ஈஸ்ட் வேண்டாம், பிசைய வேண்டாம். இரண்டு கப் மக்காச்சோள மாவு (கடையில் 'கார்ன்ஃப்ளோர்' என்று தருகிற வெள்ளை மாவு அல்ல... மஞ்சளாக, ரவை மாதிரி நறநறவென்று இருக்குமே, அது!), ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு முட்டை, இரண்டு கப் புளித்த கெட்டி மோர். எல்லாவற்றையும் கலக்குங்கள். கனமான இரும்பு வாணலியில் கொஞ்சம் நெய்யோ எண்ணெயோ விட்டு, அவனில் நன்றாகக் காயவைத்து, மாவை ஊற்றினால் 'சொய்ங்' என்று சத்தம் வரவேண்டும். 220 டிகிரியில் சுமார் 25 நிமிடம். ஓரமெல்லாம் முறுகலாக வந்துவிடும்.

இதுதான் அமெரிக்கத் தென் மாநிலங்களின் 'கார்ன் பிரெட்'. சர்க்கரை சேர்த்தால் அந்த ஊர்ப் பாட்டிகள் பலருக்குக் கோபம் வரும்!

இந்தச் சாதுவான ரொட்டி, ஒரு காலத்தில் கொலைப் பழி சுமந்து நின்றது தெரியுமா?

மக்காச்சோளம் அமெரிக்கப் பழங்குடி மக்களின் தானியம். செரோக்கி, சோக்டா போன்ற இனத்தார் அதை மரச் சாம்பல் கரைத்த நீரில் வேகவைத்து, தோல் நீக்கிச் சாப்பிட்டார்கள். மெக்சிகோவில் சாம்பலுக்குப் பதில், நாம் வெற்றிலைக்குத் தடவுகிற அதே சுண்ணாம்பு! பின்னால் வந்து குடியேறிய வெள்ளையர்கள் தானியத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால், ரொட்டிக்கான மாவைச் சாம்பல் நீர் காட்டாமல் அப்படியே அரைத்தார்கள்.

பருத்திக் காடுகளில் உழைத்த கறுப்பின அடிமைகளுக்குப் படியாக அளக்கப்பட்டதும் இந்த மாவுதான். மேரிலாந்தில் அடிமையாக இருந்து தப்பிய ஃப்ரெடரிக் டக்ளஸ், 1845-ல் வெளியான தன் சுயசரிதையில் கணக்கே தருகிறார். ஓர் ஆளுக்கு மாதம் 8 பவுண்டு பன்றி இறைச்சி அல்லது அதற்கு ஈடான மீன், ஒரு புஷல் (சுமார் 35 லிட்டர் படி) மக்காச்சோள மாவு. அவ்வளவுதான்!

1865-ல் அடிமை முறை ஒழிந்தது. வறுமை ஒழியவில்லை. குத்தகை விவசாயிகள், கறுப்பர் வெள்ளையர் இரு தரப்புமே, வீட்டு வாசல்வரை பருத்தி போட்டார்கள். காய்கறிக்கு இடமில்லை, மாட்டுக்கு வழியில்லை. சோள மாவு, பன்றிக் கொழுப்பு, வெல்லப்பாகு... வருஷம் பூரா இதே சாப்பாடு.

1900-களின் தொடக்கத்தில் 'பெல்லாக்ரா' என்ற நோய் பரவியது. தோல் வெடிக்கும், வயிற்றுப்போக்கு வரும், புத்தி பேதலிக்கும், கடைசியில் மரணம். 1940-க்குள் சுமார் 30 லட்சம் பேரைத் தாக்கி, ஒரு லட்சம் உயிர்களைக் குடித்தது. கெட்டுப்போன சோளம்தான் காரணம் என்றார்கள் சிலர். தொற்றுக்கிருமி என்றார்கள் வேறு சிலர்.

1914-ல் அரசு அனுப்பிவைத்த டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர் ஒன்றைக் கவனித்தார். அநாதை இல்லங்களில் குழந்தைகளுக்கு நோய் வருகிறது, ஊழியர்களுக்கு வரவில்லை. கிருமி என்ன ஆள் பார்த்தா தொற்றும்? அந்தக் குழந்தைகளுக்குப் பால், முட்டை, இறைச்சி, பயறு கொடுத்தார். நோய் பறந்தது! 1915-ல் மிசிசிப்பி சிறைப் பண்ணையில், விடுதலைக்கு ஈடாக முன்வந்த 11 கைதிகளுக்கு வெறும் மாவுப் பண்டங்களையே கொடுத்தார். ஆறு பேருக்கு பெல்லாக்ரா!

அப்போதும் நம்பாதவர்களுக்காக, 1916-ல் நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். கழிவுகளை மாத்திரையாக்கி விழுங்கவும் செய்தார். அவர் மனைவி மேரியும் ரத்தத்தை ஏற்றிக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை. "ஏழைகளுக்கு நல்ல சாப்பாடு இல்லை, அதுதான் நோய்" என்பது அவர் வாதம். 1921-ல் தெற்கின் அரசியல்வாதிகள் கொதித்தார்கள். பட்டினிப் பிரதேசம் என்று பெயர் கெடுகிறதாம்!

கோல்ட்பெர்கர் 1929-ல் இறந்தார். விடை 1937-ல் கிடைத்தது: நியாசின் என்ற வைட்டமின் குறைவு. மக்காச்சோளத்தில் அது உண்டு. ஆனால், உடம்புக்கு எட்டாமல் பூட்டிக்கிடக்கும். அந்தப் பூட்டைத் திறக்கிற சாவிதான் பழங்குடிப் பெண்களின் சாம்பல் நீர்!

ஆக, ரொட்டி மேல் தப்பில்லை. அதனுடன் வேறெதுவும் தட்டில் விழாமல் பார்த்துக்கொண்ட வறுமைதான் குற்றவாளி. நீங்கள் கலக்கிய மோரும் முட்டையும் அன்று பல குடிசைகளில் இல்லை, மாவும் தண்ணீரும்தான். ஆகவே, சுடச்சுட ரொட்டியோடு கொஞ்சம் தட்டைப்பயறும் கீரையும் வைத்துக்கொள்ளுங்கள். தெற்கில் வசதி இருந்த வீடுகளில் அப்படித்தான் சாப்பிட்டார்கள்.