பிணி அணுகா விதி: தமிழரின் நாளொழுக்க வரலாறு

உடம்பைப் பேணும் அன்றாட விதிகளைத் தமிழில் முதலில் வகுத்தவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஒழுக்கம் பாடிய புலவர்கள். பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார், ஒருவர் கண்விழிப்பது முதல் படுக்கைக்குப் போவது வரை செய்ய வேண்டியதையும் செய்யக்கூடாததையும் அடுக்கிச் சொல்கிறார். வைகறையில் எழவேண்டும், அன்று செய்யப்போகும் நற்செயலையும் பொருள் ஈட்டும் வேலையையும் மனத்தில் எண்ணிப் பார்க்கவேண்டும், பிறகு தாய் தந்தையரைத் தொழவேண்டும். குளித்து, கால் கழுவி, வாய் கொப்பளித்த பின்பே உணவு. நின்றுகொண்டோ படுத்துக்கொண்டோ உண்ணக்கூடாது.

நீராடியே ஆகவேண்டிய பத்துச் சமயங்களை ஒரு பாட்டு வரிசைப்படுத்துகிறது. உண்டதை வாந்தி எடுத்த பின்னும், மயிர் களைந்த பின்னும், தூங்கி எழுந்த பின்னும் குளிக்கச் சொல்வதை இன்றைய சுகாதார ஆய்வாளரும் மறுக்கமாட்டார். கெட்ட கனவு கண்டாலும் குளிக்கவேண்டும். கீழோர் என்று நூல் கருதும் மக்கள் உடலில் பட்டாலும் குளிக்கவேண்டும். தூய்மை, சடங்கு, சாதி மூன்றையும் நூல் பிரித்துப் பார்க்கவில்லை. உடல்நலம் இங்கே தனி நோக்கம் அன்று, உயர்ந்தோர் ஒழுக்கத்தின் ஒரு பகுதி மட்டுமே. உனக்கு எது ஒத்துக்கொள்ளும் என்ற கேள்வி அந்நூலில் எழவே இல்லை.

அந்தக் கேள்வியைத் திருக்குறள் எழுப்புகிறது. மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் உள்ள பத்துக் குறள்களில் ஆறு, உணவைப் பற்றியவை. எந்தத் திசை பார்த்து உண்பது, எந்தக் கிழமை எதை உண்பது என்ற பேச்சே அவற்றில் கிடையாது. முன்பு உண்டது செரித்துவிட்டதா, நன்றாகப் பசிக்கிறதா, உண்பது தன் உடம்புக்கு மாறுபடாததா என்பவற்றை உண்பவரே அறிந்து அளவோடு உண்ணவேண்டும் என்பதே சாரம். வெளியிலிருந்து வரும் கட்டளையைவிடத் தன் பசியைக் கவனிப்பதை நம்பும் இந்த அணுகுமுறையைப் பின்வந்த நூல்கள் அவ்வளவாகத் தொடரவில்லை. நாளும் கிழமையும் எண்ணிக்கையுமே வளர்ந்தன.

கிழமைக் கணக்கில் நெடுநாள் நிலைத்தது சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஔவையாரின் ஆத்திசூடி நீராட்டுக்குச் சனிக்கிழமையைக் குறிக்கிறது என்பதே வழக்கமான உரை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் உள்ள வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு இன்னும் உறுதியான சான்று. கோயிலைச் சார்ந்து இயங்கிய கல்விச்சாலைக்கும் பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவமனைக்கும் ஒதுக்கிய செலவுகளை அது விரிவாகப் பட்டியலிடுகிறது. மருத்துவமனையில் இருப்பு வைக்கவேண்டிய தைலங்களும் கடுக்காய் மருந்தும் அதில் உண்டு. மாணவர்கள் சனிக்கிழமை தேய்த்துக் குளிப்பதற்கான எண்ணெயும் உண்டு. விடுதி மாணவனின் எண்ணெய்க் குளியல், அவன் மனவுறுதியைப் பொறுத்ததாக விடப்படவில்லை. சோறு, பாய், விளக்குக்கான எண்ணெய் ஆகியவற்றோடு அதற்கும் நிவந்தம் வைத்திருந்தார்கள்.

சித்த மருத்துவம் இந்த வழக்கங்களைத் தனக்குரியதாக்கிக்கொண்டு கணக்கிட்டுத் தந்தது. அதில் பெரும்பங்கு தேரையருடையது. அகத்தியரின் மாணவர் என்று மரபு சொல்லும் தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதிப் பாடல்கள் அளவில் மிகச் சிறியவை. ஆனால் தமிழ் மருத்துவத்தில் பரவலாக நினைவில் நிற்கும் பாடல்கள் இவையாகத்தான் இருக்கும்.

இவற்றின் தனித்தன்மை வினைமுற்றில் இருக்கிறது. செய்க, செய்யற்க என்று தேரையர் ஏவுவதில்லை. செய்வோம், செய்யோம் என்று தன்மைப் பன்மையில் பாடுகிறார். ஒவ்வொரு பாட்டும் முடியும்போது, இப்படி வாழும் நாம் இருக்கும் இடத்தில் எமனுக்கு என்ன வேலை என்று செருக்கோடு கேட்கிறது. ஆசாரக்கோவையில் பெரியோர் கட்டளையாக இருந்தது இங்கே உறுதிமொழியாகிவிட்டது.

அந்த உறுதிமொழி எண்களால் ஆனது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து. ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் நசியம். அரை மாதத்துக்குள் இரண்டு முறை சவரம். நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு. மூன்று நாளுக்கு ஒருமுறை கண்ணுக்கு மை. நாளொன்றுக்கு இரண்டு வேளைதான் உணவு, மூன்றாவது வேளை கிடையாது. பகல் தூக்கம் இல்லை. உண்டபின் குறுநடை உண்டு. முதல்நாள் சமைத்த கறி அமுதம்போல் இருந்தாலும் தொடுவதில்லை. உலகமே கிடைப்பதானாலும் பசிக்காமல் உண்பதில்லை. கிழங்குகளில் கருணை மட்டும், வாழையில் இளம்பிஞ்சு மட்டும். நீரைக் காய்ச்சியும், மோரை நீர் பெருக்கியும், நெய்யை உருக்கியும் கொள்ளவேண்டும்.

இடைவெளிகளுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. பேதியால் வாதமும், வாந்தியால் பித்தமும், நசியம், கண்ணுக்கு இடும் அஞ்சனம் ஆகியவற்றால் கபமும் தணியும் என்பது சித்த மரபு. மூன்றும் நாள்போக்கில் உடலில் மிகுந்துகொண்டே வரும். நோயாக முற்றுமுன் அவ்வப்போது கழித்துவிடவேண்டும். நோய் வந்தபின் கொடுக்கும் அதே சிகிச்சைகளை, வருமுன் செய்யும் பழக்கமாகத் தேரையர் மாற்றினார் என்று சொல்லலாம். இந்த விதிகள் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. காய்ச்சிய நீர், பசித்து உண்ணல், உண்டபின் சிறு நடை ஆகியவற்றுக்கு இன்றைய மருத்துவத்திலும் இடமுண்டு. அரையாண்டுக்கு ஒருமுறை வாந்தி எடுப்பதற்கும், பெருந்தாகம் எடுத்தாலும் நீரை மீண்டும் மீண்டும் பருகாதிருப்பதற்கும் அந்த இடம் இல்லை.

இத்தனை விதிகளில் வீட்டுக்குள் வேரூன்றியது எண்ணெய் முழுக்கு ஒன்றுதான். நான்கு நாளுக்கு ஒருமுறை என்ற கணக்கு வாரத்துக்கு இரண்டு நாளாகப் படிந்தது. ஆண்களுக்குப் புதனும் சனியும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயைத் தலைமுதல் கால்வரை தேய்த்து, கொஞ்சநேரம் ஊறவிட்டு, வெந்நீரில் குளிப்பார்கள். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கச் சீயக்காய். கொங்குப் பகுதியில் அரப்பு. மருத்துவம் தெரிந்த வீடுகளில் பஞ்சகற்பம்: கஸ்தூரி மஞ்சள், மிளகு, வேப்பம்வித்து, கடுக்காய்த்தோல், நெல்லிப்பருப்பு ஐந்தையும் பால்விட்டு அரைத்துக் காய்ச்சித் தலையில் தேய்ப்பது. அன்றைக்கு மிளகு ரசம் இருக்கும், குளிர்ந்த பண்டம் இருக்காது, பகலில் கண்ணயர விடமாட்டார்கள். வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு என்ற பழமொழி இந்த வழக்கத்துக்குப் பொருளாதார நியாயமும் சொல்லிவிட்டது. கைக்குழந்தையின் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது மட்டும் கேடான பழக்கம். எண்ணெய் நுரையீரலுக்குள் போய் அழற்சி உண்டாக்கும் என்பதால் குழந்தை மருத்துவர்கள் அதைத் தடுக்கிறார்கள்.

எண்ணெய் முழுக்குக்குப் பின்னால் இருந்த உழைப்பைப் பாடல்கள் சொல்வதில்லை. சீயக்காயைக் காயவைத்து வெந்தயமும் பூந்திக்கொட்டையும் சேர்த்து அரைக்கவேண்டும். விறகு தேடி அண்டா நிறையத் தண்ணீர் காய்ச்சவேண்டும். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துத் தேய்த்துவிடவேண்டும். எல்லாம் வீட்டுப் பெண்களின் வேலை. தேரையரின் ‘தவிரோம்’ என்ற உறுதியைப் பல தலைமுறை காப்பாற்றியவர்கள் அவர்கள்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த மரபின் மிக விரிவான நூல் ஒன்று பிறந்தது. பாட்டாக அல்ல, உரைநடையாக. வடலூரில் 1867இல் சத்திய தருமச்சாலையைத் தொடங்கிய இராமலிங்க வள்ளலாரின் (1823–1874) நித்திய கரும விதி, அன்பர்களுக்கு ஒரு நாளைக் காலைமுதல் வகுத்துக் கொடுக்கிறது. சூரிய உதயத்துக்கு முன் எழுவது, சற்றுநேரத் தியானம், தாம்பூலம், கொஞ்சம் உலாவுதல் எனத் தொடங்கி, மலம் தடைப்பட்டால் எந்தப் பக்கம் சாய்ந்து படுக்கவேண்டும் என்பதுவரை போகிறது. ஆலம்விழுதாலோ வேலங்குச்சியாலோ பல் துலக்கி, கரிசலாங்கண்ணித் தூளும் தேய்க்கவேண்டும். பின்பு கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் சேர்ந்த தூளை நீர்கலந்த பாலில் இட்டு, நீர் சுண்டக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரையோடு குடிக்கவேண்டும். தூள் எத்தனை வராகனெடை, நீர் எத்தனை சேர் என்பதும் உண்டு. கிழங்குகளில் கருணைக்கு மட்டுமே அனுமதி என்ற தேரையர் விதி இதிலும் வருகிறது.

இந்த ஒழுங்கின் இலக்கை வள்ளலார் பின்னக் கணக்கில் சொன்னார்: உணவு அரை, தூக்கம் அரைக்கால், உடலுறவு வீசம், அச்சம் பூச்சியம். அரைக்காலும் வீசமும் திண்ணைப்பள்ளியில் கீழ்வாய் இலக்கம் படித்தவர்க்கெல்லாம் வாயில் புழங்கிய அளவுகள். எட்டில் ஒன்றாகத் தூக்கத்தைக் குறைத்தால் நாளுக்கு மூன்று மணி நேரம்தான் கிடைக்கும். சாகாக்கலையை நாடிய துறவிக்கு வகுத்த அளவு அது. உழவருக்கும் நெசவாளிக்கும் அது பொருந்தாது. ஆனால் அச்சத்தையும் உணவு, தூக்கத்தோடு சேர்த்து அளவிட்டது தமிழ் நாளொழுக்க நூல்களில் புதிது. மனத்தின் நலம் இந்தக் கணக்குக்குள் நுழைந்தது அங்கேதான்.

அதே காலத்தில் வேறொரு வழியும் திறந்தது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். அந்தக் கல்விக்காகக் கல்வின் கட்டரின் உடற்கூற்று நூல் 1857இல் ‘அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்’ என்ற பெயரில் தமிழில் வந்தது. ஒவ்வோர் உறுப்பையும் விளக்கி, அதைப் பேணும் முறையையும் சொல்வது கட்டரின் அமைப்பு. அடுத்து வந்த பள்ளிச் சுகாதாரப் பாடங்கள் பொதுவாக இந்த வழியில் சென்றன. பொறுப்பு மெல்ல அரசின் பக்கம் நகர்ந்தது. 1939இன் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் குடிநீர், சாக்கடை, தொற்றுநோய் ஆகியவற்றைப் பற்றியது. தனிமனிதரின் நாளொழுங்கு அதன் கவலை அன்று. இடையில் பாரதியார் தம் புதிய ஆத்திசூடியில் உடலை உறுதியாக்கச் சொன்னார். உணவை மிக விரும்பவும் சொன்னார். மிகுதியாக உண்ண விரும்பாதே என்ற ஔவைக்கு நேர்எதிரான அறிவுரை இது. அஞ்சி மெலிந்து கிடந்த அடிமை நாட்டைப் பார்த்தவர்க்கு அளவுச் சாப்பாடு அவசரமாகப் படவில்லை போலும்.

பழைய விதிகள் கல்லூரிப் பாடமாயின. முகமது உஸ்மான் தலைமையிலான குழு 1923இல் அறிக்கை தந்தபின் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி உருவானது. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தொடங்கியது. தேரையரின் விதிகள் அங்கே ‘நோயில்லா நெறி’ என்ற பாடத்துக்குள் அடங்கின.

வீட்டில் நிலைமை வேறாகப் போனது. பள்ளியும் அலுவலகமும் சனிக்கிழமையிலும் நடந்ததால், எண்ணெய் முழுக்குக்கு ஆகாத நாள் என்று பழைய வழக்கு கருதிய ஞாயிறுக்குக் குளியல் மாறியது. செக்குகள் ஆலைகளுக்கு வழிவிட்டன. கடலூரில் 1983இல் தொடங்கிய சிக் நிறுவனம் சிறு பொட்டலத்தில் ஷாம்பு விற்று, சிற்றூர்ப் பெட்டிக்கடைவரை கொண்டு சேர்த்தது. சீயக்காய் அரைக்கும் வேலை பெண்களின் தோளிலிருந்து இறங்கியது. கூடவே வார முழுக்கும் போனது. இழப்பு என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. இன்று பெரும்பாலான வீடுகளில் எண்ணெய் தேய்ப்பது தீபாவளி விடியலில் மட்டும். பிராமண வீடுகளில் அன்று ஒருவரையொருவர் கங்கா ஸ்நானம் ஆயிற்றா என்று கேட்டுக்கொள்வார்கள்.

உறுதிமொழி மரபு வேறு வடிவில் தொடர்ந்தது. கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி மகரிஷி (1911–2006), 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். அவருடைய மனவளக்கலையில் எளியமுறை உடற்பயிற்சியும் தியானமும் ஒரு பாதி, அகத்தாய்வு மறுபாதி. எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று படிகள். பயில்பவர் தம் ஆசைகளையும், யார்மீது எதனால் சினம் வருகிறது என்பதையும் தாளில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றாகத் தீர்க்க முனையவேண்டும். எல்லார்க்கும் பொதுவாக ஆசிரியர் தரும் பட்டியல் போய், அவரவர் எழுதும் பட்டியல் வந்தது இந்த மரபில் பெரிய மாற்றம்.

அண்மைய விதி நடை. மா. சுப்பிரமணியன் மருத்துவத் துறை அமைச்சராக இருந்தபோது, 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களிலும் எட்டுக் கிலோமீட்டர் நடைபாதைகள் குறிக்கப்பட்டன. எட்டுக் கிலோமீட்டர் என்பது ஏறத்தாழ 10,000 அடிகள். அந்த எண் 1965இல் ஜப்பானில் யமாசா நிறுவனம் விற்ற அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது. ஆய்வு முடிவாகத் தொடங்கியது அன்று. சராசரி வயது 72 ஆன 16,741 பெண்களை வைத்து 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், நாளுக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. வயதானவர்க்கு, பாதையின் முழு நீளத்தையும் நடந்து முடிக்காமல் ஆறு கிலோமீட்டரில் நிறுத்திக்கொண்டாலும் கணக்குச் சரியாகத்தான் இருக்கும்.