ஜமீலா என்ற பெயரில் ஒரு ஜப்பானிய அரக்கன்

எமது ஊரில் ஜமீலா ராத்தா இல்லாத தெரு இருக்கிறதா? ஜப்பானின் புகழ்பெற்ற ‘அல்ட்ராமேன்’ தொடரில் வரும் ஓர் அரக்கனின் பெயரும் ஜமீலாதான். பகிடிக்குச் சொல்லவில்லை. அந்தப் பெயர் அல்ஜீரியாவில் சிறையிலிருந்த ஒரு முஸ்லிம் பெண்ணிடமிருந்து போனது. அந்தக் கதையைத்தான் இன்று எழுத நினைத்தோம். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

2024இல் நெட்ஃபிளிக்ஸில் ‘அல்ட்ராமேன்: ரைசிங்’ வந்த பிறகு பிள்ளைகள் பழைய அல்ட்ராமேனையும் போனில் தேடிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆங்கில டப்பிங்கில் பார்ப்பதா, ஜப்பானியக் குரலோடு எழுத்துகளை வாசித்துப் பார்ப்பதா என்று வகுப்பில் ஒரே வாக்குவாதம். உலகெங்கும் இந்தப் படங்களின் ரசிகர்கள் பல பத்தாண்டுகளாகப் பிடிக்கும் சண்டை இதுதான். வெறும் குரல் ருசி பற்றிய சண்டை என்று அதை ஒதுக்க எமக்கு மனமில்லை.

முதலில் கொட்சில்லாவைப் பார்த்துவிட வேண்டும். 1954 மார்ச் 1ஆம் திகதி பிகினி தீவில் அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பரிசோதித்தது. கணித்ததைவிட இரண்டரை மடங்கு பெரிதாக, 15 மெகா தொன் வலுவில் அது வெடித்தது. அந்தக் கடற்பரப்பில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் 23 மீனவர்கள் மீது கதிரியக்கச் சாம்பல் கொட்டியது. படகின் வானொலி இயக்குநர் செப்டெம்பரில் இறந்தார். நவம்பர் 3ஆம் திகதி ‘கொஜிரா’ திரைக்கு வந்தது. இயக்குநர் இஷிரோ ஹொண்டா, போர்க் கைதியாக இருந்து நாடு திரும்பும் வழியில் அழிந்துபோன ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர். அவரது படத்தில் ரயிலில் போகும் ஒரு பெண், கதிரியக்க மீன், கதிரியக்க மழை, இப்போது கொட்சில்லா வேறா என்று சலித்துக்கொள்வாள். நாகசாகியில் தப்பியவள் அவள். 1954இல் அந்தப் பேச்சு ஜப்பானியப் பார்வையாளருக்கு எப்படிச் சுட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1956இல் அதே படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் போனது. 96 நிமிடப் படம் 80 நிமிடமாகியது. அந்த 80க்குள்ளும் அமெரிக்க நிருபராக ரேமண்ட் பர் நடித்த புதிய காட்சிகள் நுழைக்கப்பட்டன. ரயில் பெண்ணின் பேச்சு போயிற்று. அணுப் பரிசோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கொட்சில்லா வரலாம் என்ற முதிய விஞ்ஞானியின் கடைசி எச்சரிக்கையும் போயிற்று. அதற்குப் பதிலாக, ஆபத்து நீங்கியது, உலகம் மீண்டும் வாழலாம் என்று அமெரிக்க நிருபர் ஆறுதல் சொல்லி முடிக்கிறார். நியாயமாகச் சொன்னால் குண்டைப் பற்றிய குறிப்பு முழுதாக அழிக்கப்படவில்லை. ஒரு விளக்கக் குறிப்பு அளவுக்குச் சுருங்கிவிட்டது. மூலப் படம் அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓட 2004 வரை, அதாவது 50 வருடம், காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளைச் செய்தவர் எய்ஜி சுபுராயா. அவர் தொடங்கிய நிறுவனம்தான் 1966 ஜூலையில் அல்ட்ராமேனைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. 40 மீற்றர் உயரமான வீரன். பூமியில் மூன்று நிமிடம்தான் தாக்குப்பிடிப்பான், நெஞ்சிலுள்ள விளக்கு மினுங்கத் தொடங்கினால் நேரம் முடிகிறது என்று அர்த்தம். 39 அத்தியாயங்கள். தலைமைக் கதாசிரியர் டெட்சுவோ கின்ஜோ ஒகினாவாவில் வளர்ந்தவர். ஒகினாவா அப்போது அமெரிக்க நிர்வாகத்தின் கீழ் இருந்தது, 1972 வரை ஜப்பானிடம் திரும்பவில்லை. தொடரைச் செய்தவர்கள் எப்படிப்பட்ட காலத்தில் இருந்து எழுதினார்கள் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆங்கில உரிமையை யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வாங்கியது. நியூயோர்க்கின் டைட்ரா ஒலிக்கூடத்தில் டப்பிங் நடந்தது, பொறுப்பாக இருந்தவர் பீட்டர் பெர்னாண்டஸ். பெயரைப் பார்த்து நீர்கொழும்புக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள், நியூயோர்க்கிலேயே பிறந்தவர். பிற்பாடு ‘ஸ்பீட் ரேசர்’ கார்ட்டூனிலும் பிரதான குரல் இவருடையதுதான். அந்தக் காலத்தில் படச்சுருளைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்ப ஓட்டி, வாய் திறக்கும் இடத்தில் திறந்து மூடும் இடத்தில் மூடுகிற சொல்லைத் தேட வேண்டும். இதில் தமிழ் பேசும் எமக்கு எளிதாகப் புரியும் ஒரு சிக்கல் உண்டு. ஜப்பானிய வாக்கியத்தில் வினைச்சொல் தமிழைப் போலவே கடைசியில் வரும். நடிகரின் முகம் அந்தக் கடைசிச் சொல்லில் இறுகும். ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே வந்து போய்விடும். முகம் இறுகும்போது வாயில் இருப்பது ஏதோ ஒரு சாதாரணச் சொல். டப்பிங் படத்தில் நடிகர்கள் தேவையில்லாமல் கத்துவதுபோலத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது எமது கணிப்பு.

பெயர்களும் தப்பவில்லை. தளபதி முரமட்சு ‘கெப்டன் முரா’ ஆனார். இதே ஆனவர் ‘இட்டோ’ ஆனார். இதற்கு முன் இரண்டாவது கொட்சில்லா படத்தில் கொட்சில்லாவின் பெயரையே ‘ஜைஜான்டிஸ்’ என்று மாற்றியிருந்தார்கள். அந்த டப்பிங்கில் குரல் கொடுத்த ஜோர்ஜ் டக்கே சொல்லும் ஒரு கதை ரசிகர்களிடையே பிரபலம். முட்டாளே என்று திட்டும் ‘பக்கயாரோ’ என்ற சொல்லுக்கு வாயசைவு பொருந்த வேண்டுமே என்று தேடி, கடைசியில் ‘பனானா ஒயில்’ என்று வைத்தார்களாம். வாழைப்பழ எண்ணெய்! பழைய அமெரிக்கக் கொச்சையில் அதற்கு ‘வெறும் பேச்சு’ என்று பொருள் இருந்தது உண்மைதான், ஆனாலும் சிரிப்பை அடக்க முடியாது.

இனி ஜமீலா. 1966 டிசம்பர் 18ஆம் திகதி ஒளிபரப்பான 23ஆம் அத்தியாயம். எழுதியவர் மமோரு சசாகி, இயக்கியவர் அகியோ ஜிஸ்ஸோஜி. டோக்கியோவில் சர்வதேச சமாதான மாநாடு, அதற்கு வருபவர்களின் விமானங்களை ஏதோ ஒன்று தாக்குகிறது. அது ஓர் அரக்கன். பிறகுதான் தெரிகிறது, அவன் மனிதன். விண்வெளிப் போட்டியில் ஒரு நாடு அனுப்பிய வீரன். விபத்தில் தொலைந்துபோனவனை, தோல்வி வெளியே தெரியக்கூடாது என்று அந்த நாடு கைவிட்டுவிட்டது. தண்ணீரில்லாத கிரகத்தில் உடல் மாறிப்போய்ப் பழிவாங்கத் திரும்பியிருக்கிறான். பாரிஸ் தலைமையகத்திலிருந்து உத்தரவு வருகிறது. அவன் மனிதன் என்பதை வெளியிடாமல் அரக்கனாகவே கொன்றுவிடுங்கள். அல்ட்ராமேன் தண்ணீரைப் பீய்ச்சுகிறான். உலக நாடுகளின் கொடிகளுக்கு முன்னால், சேற்றில் புரண்டு, குழந்தை அழுவதைப்போல அழுதபடி ஜமீலா சாகிறான். பிறகு பிரெஞ்சு மொழியில் பொறித்த ஒரு நினைவுக்கல் வைக்கிறார்கள்: மனிதகுலத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தன்னை அர்ப்பணித்த வீரன் என்று. செத்தவர்களுக்கு எப்போதும் அழகான சொற்கள் மட்டும்தான் மிஞ்சுகின்றன என்று இதே கசந்துபோகிறார்.

ஏன் பாரிஸ், ஏன் பிரெஞ்சு? பெயரின் உரிமையாளரைத் தெரிந்தால் விளங்கும். ஜமீலா பூபாஷா அல்ஜீரிய விடுதலை இயக்கத்தைச் சேர்ந்த இளம் பெண். குண்டு வைத்ததாகக் குற்றஞ்சாட்டி 1960 பெப்ரவரியில் பிரெஞ்சுப் படையினர் கைதுசெய்தார்கள். தடுப்புக்காவலில் அவர் கொடூரமாகச் சித்திரவதை செய்யப்பட்டார், மானபங்கப்படுத்தப்பட்டார். அவர் மற்றவர்களைப்போல வாய்மூடி இருக்கவில்லை, சித்திரவதை செய்தவர்கள் மீது வழக்குத் தொடர்ந்தார். சட்டத்தரணி ஜிசேல் ஹலிமி வாதாடினார், சிமோன் த பூவா பத்திரிகையில் எழுதினார், பிக்காசோ அவரது முகத்தை வரைந்தார். மரண தண்டனை விதிக்கப்பட்ட அவர் 1962இல் போர்நிறுத்தத்தோடு வந்த பொதுமன்னிப்பில் வெளியே வந்தார். ஓர் அரசு தான் செய்ததை மறைத்து, பாதிக்கப்பட்டவரையே அரக்கராகக் காட்டும் கதைக்கு, நான்கு வருடம் கழித்து ஜப்பானில் ஒருவர் அவரது பெயரை எடுத்தார். அந்த நினைவுக்கல்லில் ஜமீலா பிறந்த வருடமாக இருப்பதும் 1960.

ஆங்கிலத்தில் இந்தப் பெயர் என்னானது? ஜப்பானிய எழுத்தில் ‘ர’வுக்கும் ‘ல’வுக்கும் வேறுபாடு கிடையாது. கேட்டவர்கள் ‘ஜமைரா’ என்றும் எழுதினார்கள். ஜமைரா என்ற பெயரில் எந்த ஊரும் இல்லை, எந்த வழக்கும் இல்லை. ஒரு எழுத்து மாறியதில் அல்ஜீரியா காணாமல் போயிற்று. ஆங்கில டப்பிங்கிலேயே வளர்ந்த ரசிகருக்கு அது விண்வெளியிலிருந்து வந்த இன்னொரு அரக்கனின் விநோதப் பெயர், அவ்வளவுதான்.

மொழிபெயர்ப்பு மறுபக்கமாகவும் புரளும். 2014இல் மலேசிய உள்துறை அமைச்சு ஓர் அல்ட்ராமேன் சித்திரக்கதையின் மலாய்ப் பதிப்பைத் தடைசெய்தது பலருக்கு ஞாபகமிருக்கும். அல்ட்ராமேன் கிங் என்ற பாத்திரத்தின் அறிமுகத்தில் ‘அல்லாஹ்’ என்ற சொல்லைப் போட்டிருந்தார்கள். மற்ற அல்ட்ராமேன் புத்தகங்களுக்குத் தடை இல்லை. கவனமான ஓர் ஒப்புநோக்குநரின் சிவப்புப் பேனாக் கோடு ஒன்று போதுமாயிருந்த விடயம் அமைச்சு வரை போனது.

ஆனால் டப்பிங்கை மட்டும் திட்டிவிட்டுப் போனால் பாதி வரலாறுதான் சொன்னதாகும். அடுத்த தொடரான ‘அல்ட்ராசெவன்’ 12ஆம் அத்தியாயம் 1967 டிசம்பரில் ஒளிபரப்பானது. எழுத்தும் இயக்கமும் அதே சசாகி, அதே ஜிஸ்ஸோஜி. தம் கிரகத்தில் நடந்த குண்டுப் பரிசோதனையால் இரத்தம் கெட்டுப்போன வேற்றுலகத்தார், கைக்கடிகாரங்கள் மூலம் மனித இரத்தத்தை உறிஞ்சுவதாகக் கதை. 1970இல் ஒரு சிறுவர் சஞ்சிகை அவர்களை, அணுகுண்டில் பாதிக்கப்பட்டவர்களைக் குறிக்கும் சொல்லாலேயே அழைத்தது. டோக்கியோவில் ஒரு பாடசாலை மாணவி அதைக் கவனித்தாள். ஹிரோஷிமா, நாகசாகியில் பிழைத்தவர்களை அரக்கராக்குவதா என்று எதிர்ப்பு எழுந்தது, நிறுவனம் அந்த அத்தியாயத்தையே விலக்கிக்கொண்டது. எதிர்த்தவர்களின் வலி நியாயமானது என்றே நாம் நினைக்கிறோம்.

அதே தொடருக்கு 1985இல் மொன்ட்ரியலைச் சேர்ந்த ஒரு நிறுவனம் ஆங்கில டப்பிங் செய்தது. பாரமான இடங்களைக்கூடப் பகிடியாக்கிவிட்டது என்று இன்றும் ரசிகர்கள் திட்டும் டப்பிங் அது. 1994இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அது ஓடியபோது 12ஆம் அத்தியாயமும் சேர்ந்தே ஓடியது. ஜப்பானில் அது இன்றுவரை மறு ஒளிபரப்பாகவும் இல்லை, அதிகாரபூர்வ இறுவட்டில் வரவும் இல்லை. சசாகியும் ஜிஸ்ஸோஜியும் அதில் என்னதான் காட்டினார்கள் என்று ஆராய விரும்பிய அமெரிக்க ரசிகர்களுக்குக் கையில் கிடைத்தது அந்தப் பகிடிக் குரல்கள் பேசும் ஒளிநாடா.