லித்தியம் தண்ணீர்: வர்ஜீனியாவிலிருந்து கம்பம் பள்ளத்தாக்கு வரை

வீட்டு போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுத்தால் ஒரு தாள் வரும். டி.டி.எஸ்., கடினத்தன்மை, ஃபுளோரைடு, நைட்ரேட், இரும்பு என்று வரிசையாக இருக்கும். லித்தியம் என்று ஒரு வரி இருக்காது. அது ஆய்வகத்தின் குறை இல்லை. இந்தியக் குடிநீர்த் தரநிலையான ஐ.எஸ். 10500 (2012) லித்தியத்துக்கு வரம்பு எதுவும் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சொல்லவில்லை. அமெரிக்காவில்கூட சட்டப்படியான உச்சவரம்பு கிடையாது.

எங்க தொழிலில் இது பழைய பாடம். டேட்டாபேஸில் காலியாக விட்ட கட்டம் வேறு, பூஜ்யம் என்று நிரப்பிய கட்டம் வேறு. தேனிப் பக்கம் யாராவது "நம்ம தண்ணியில லித்தியம் கலந்திருக்காமே?" என்று கேட்டால், அந்தக் காலிக் கட்டத்தைக் காட்டி பயமுறுத்துவதும் தப்பு, "அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்று அடித்துச் சொல்வதும் தப்பு. ஆனா அந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கு. அதைத்தான் எழுதப் போறேன்.

1817-ல் ஸ்வீடனில் ஆர்ஃப்வெட்சன் என்பவர் ஒரு தாதுக்கல்லில் லித்தியத்தைக் கண்டுபிடித்தார். 19-ம் நூற்றாண்டின் நடுவில் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் காரோட், கீல்வாதத்துக்குக் காரணமான யூரிக் அமிலத்தை லித்தியம் உப்பு கரைக்கும் என்று சொன்னார். சோதனைக் குழாயில் அது உண்மைதான். உடம்புக்குள் அந்த அளவுக்கு லித்தியத்தை ஏற்றினால் ஆள் பிழைக்க மாட்டார், அது வேறு விஷயம். வியாபாரம் அதற்கெல்லாம் காத்திருக்குமா? ஊருக்கு ஊர் 'லித்தியா ஊற்று' முளைத்தது. வர்ஜீனியாவின் பஃபலோ லித்தியா ஊற்றுத் தண்ணீர் அமெரிக்கா முழுக்க பாட்டிலில் விற்றது.

1906-ல் வந்த உணவு, மருந்துச் சட்டத்தின் கீழ் அரசு அந்தத் தண்ணீர் மீது வழக்குப் போட்டது. நீதிமன்றம் சொன்ன கணக்கு அருமையானது. மருந்தாக வேலை செய்யும் அளவு லித்தியம் கிடைக்க வேண்டுமென்றால் ஒருவர் ஒரு நாளைக்கு 1,50,000 முதல் 2,25,000 காலன் குடிக்க வேண்டும். நம்ம ஊர்க் கணக்கில், 12,000 லிட்டர் டேங்கர் லாரி குறைந்தது 47 வேண்டும், தினமும். அதைவிட வேடிக்கை, வாஷிங்டனை ஒட்டி ஓடும் பொட்டோமாக் ஆற்று நீரில் இதைவிட ஐந்து மடங்கு லித்தியம் இருப்பதாகவும் சாட்சியம் வந்தது. பாட்டிலில் காசு கொடுத்து வாங்கியதைவிட, ஆற்றில் ஓசியில் கிடைத்தது அதிகம்!

மோகம் மட்டும் போகவில்லை. 1929-ல் செயின்ட் லூயிஸில் சார்ல்ஸ் லீப்பர் கிரிக் அறிமுகப்படுத்திய ஒரு எலுமிச்சை சோடாவின் பெயரிலேயே 'லித்தியேட்டட்' என்ற சொல் இருந்தது. அதுதான் பிறகு செவன் அப் ஆனது. 1948 வரை அதில் லித்தியம் சிட்ரேட் இருந்தது.

அடுத்த வருஷம் இரண்டு சம்பவங்கள். இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக விற்ற லித்தியம் குளோரைடால் அமெரிக்காவில் சிலர் விஷமேறி இறந்தார்கள். அந்த உப்பு சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. அதே 1949-ல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட், கடுமையான மனவெழுச்சி நோயாளிகளுக்கு லித்தியம் பலன் தருவதாகக் கட்டுரை எழுதினார். ஒரே வருஷத்தில் அது விஷமாகவும் ஆனது, மருந்தாகவும் ஆனது. கேட்டின் முதல் நோயாளியே பின்னால் லித்தியம் நச்சுத்தன்மையால் இறந்தார். இன்றைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்வது இதனால்தான். பலன் தரும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி குறுகல்.

இந்த மாத்திரைக் கணக்கையும் தண்ணீர்க் கணக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. நாளைக்கு 900 மில்லிகிராம் லித்தியம் கார்பனேட் என்றால் அதில் சுத்த லித்தியம் சுமார் 170 மில்லிகிராம். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் உள்ள தண்ணீரை இரண்டு லிட்டர் குடித்தால் உள்ளே போவது 0.02 மில்லிகிராம். எட்டாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம்.

அப்படியென்றால் ஏன் கவலை? 1990-ல் டெக்சாஸின் 27 மாவட்டங்களை ஆராய்ந்த ஒரு கட்டுரை, குடிநீரில் லித்தியம் கூடுதலாக உள்ள இடங்களில் தற்கொலை குறைவு என்றது. 2009-ல் ஜப்பானின் ஓய்ட்டா பகுதியிலும் இதே போக்கு தெரிந்தது. 'தண்ணீரில் லித்தியம் கலக்கலாமா' என்றுகூடப் பேச ஆரம்பித்தார்கள். பிறகு டென்மார்க்கில் நாடு முழுவதுமான பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பு தெரியவில்லை. அதே டென்மார்க்கிலிருந்து 2023-ல் வந்த ஆய்வில், கர்ப்பிணிகளின் குடிநீரில் லித்தியம் கூடிய இடங்களில் குழந்தைகளுக்கு ஆட்டிசம் கண்டறியப்படுவது ஓரளவு அதிகம் என்று தெரிந்தது. இவை எல்லாமே புள்ளிவிவரத் தொடர்புகள்தான், காரணம் நிரூபிக்கப்படவில்லை. என் அபிப்பிராயம்: இரண்டு பக்கத்துத் தலைப்புச் செய்தியையும் ஒரே அளவு சந்தேகத்தோடு படிக்கணும். ஆண்டிஸ் மலைக் கிராமங்களின் கதை மட்டும் கொஞ்சம் வலுவானது. வடக்கு அர்ஜென்டினாவின் சான் அந்தோனியோ தெ லோஸ் கோப்ரெஸில் குடிநீரில் லிட்டருக்கு சுமார் 1,000 மைக்ரோகிராம். அந்தப் பகுதிப் பெண்களிடம் தைராய்டு சுரப்பில் மாற்றம் அளக்கப்பட்டது. தைராய்டு பாதிப்பு, லித்தியம் மாத்திரையின் தெரிந்த பக்கவிளைவும்கூட.

அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2021-ல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட கிணறுகளின் தரவை வெளியிட்டது. பொதுக் குடிநீர்க் கிணறுகளில் 45 சதவீதம், லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற எச்சரிக்கை அளவைத் தாண்டியிருந்தன. பெரும்பாலும் மேற்குப் பக்க வறண்ட நிலங்கள். அதற்குப் பிறகுதான் அங்கே 2023 முதல் 2025 வரை பொதுக் குடிநீர் அமைப்புகளில் லித்தியத்தைக் கட்டாயமாக அளக்கச் சொன்னார்கள்.

இங்கே நமக்கு நெருக்கமான முன்னுதாரணம் ஃபுளோரைடு. அதுவும் பாறையிலிருந்துதான் வருகிறது. அதுவும் கொஞ்சம் இருந்தால் பல்லுக்கு நல்லது, கூடினால் கெடுதல். 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் முதுகெலும்பு இறுகி வளைந்துபோன மக்களைப் பார்த்துத்தான் மருத்துவர்கள் தண்ணீரைச் சந்தேகப்பட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒகேனக்கல் காவிரி நீர் குழாயில் வர 2013 ஆனது. கறைபட்ட பல்லும் வளைந்த எலும்பும் கண் முன்னால் இருந்தே இவ்வளவு காலம். லித்தியமோ பல்லில் கறை வைக்காது, எலும்பை வளைக்காது, ருசியிலும் தெரியாது. கட்டம் காலியாகவே கிடப்பதில் ஆச்சரியம் என்ன?

சரி, கம்பம் பள்ளத்தாக்கு. இங்கே இரண்டு வகைத் தண்ணீர். ஒன்று, 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாறு அணையின் நீர். தேக்கடியிலிருந்து சுரங்கம் வழியாக மலையைக் கடந்து லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம் தாண்டி வைகைக்குப் போகிறது. மழை நீர், பாறையோடு அதற்குச் சகவாசம் குறைவு. மற்றது போர்வெல். கீழே சார்னகைட், நைஸ் மாதிரியான கடினப் பாறை. அதன் விரிசல்களில் வருஷக்கணக்கில் தங்கிய நீர், பாறையில் உள்ளதைக் கரைத்துக்கொண்டு வரும். ஃபுளோரைடு விஷயத்தில் பார்த்தது இதைத்தான். ஆழமும் வறட்சியும் கூடினால் கரைசலும் கூடும். அமெரிக்கப் படிவுப் பாறை எண்களைத் தூக்கி இங்கே ஒட்ட முடியாது, பாறையே வேறு.

இன்னொரு வழியும் உண்டு. சோல் நகரத்தைத் தாண்டியதும் ஹான் ஆற்றில் லித்தியம் ஆறு மடங்கு வரை கூடுவதை 2019-ல் கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பேட்டரியும் மாத்திரையும் கழிவுநீர் வழியாக ஆற்றில் சேர்கின்றன. வழக்கமான சுத்திகரிப்பு அதை நீக்கவில்லை. காய்ச்சினாலும் போகாது. நம்ம பக்கம் பழைய செல்போன் பேட்டரி எங்கே போகிறது என்று குப்பைமேட்டைப் பார்த்தால் தெரியும்.

அளப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஈயம், ஆர்செனிக், யுரேனியத்தை அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியிலேயே லித்தியத்தையும் பார்க்கலாம். மூன்று பாட்டில் போதும் என்று நினைக்கிறேன்: லோயர் கேம்ப்பில் ஆற்று நீர் ஒன்று, சின்னமனூர்ப் பக்கம் ஒரு வயல் கிணறு, ஆண்டிபட்டி வறட்டு நிலத்தில் ஆயிரம் அடி போர்வெல் ஒன்று. மூன்றையும் ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில் கொடுக்கணும். கோடையில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை.